பரங்கிமலைக்கும் ஒரு நடுகல் வேண்டும்

பௌர்ணமி வந்தால் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் திருவண்ணாமலை வண்டிகளில் நிற்க இடம் கிடைக்காது. கிரிவலம் போகிறவர்கள் திருவண்ணாமலையோடு இறங்கிக்கொள்வார்கள். அங்கிருந்து மேற்கே இன்னும் 35 கிலோமீட்டர் போனால் செங்கம் வரும். கிருஷ்ணகிரி, பெங்களூரு பக்கம் சரக்கு ஏற்றிப் போகிறவர்களைத் தவிர, சென்னையில் இருக்கும் யாருக்கும் அந்த ஊரை நினைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் இன்று இல்லை. ஆனால் நாம் குடியிருக்கும் இந்தத் தெற்குப் புறநகரின் கதி ஒரு காலத்தில் செங்கம் கணவாயில்தான் முடிவானது. 1767இலிருந்து 1780 வரை அந்தக் கணவாய்ப் பக்கம் படை திரண்டபோதெல்லாம், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பரங்கிமலையில் இருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜார்ஜ் கோட்டைக்கு ஓடினார்கள்.

நான் பிறந்தது செங்கம். வரலாறு பாடம் நடத்தியதும், ஓய்வுபெற்ற பிறகு குடியிருப்பதும் தாம்பரம் பக்கம். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நடந்தவற்றைத்தான் என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னையின் வரலாறு என்றால் ஜார்ஜ் கோட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று நிறுத்திக்கொள்கிறோம். தாம்பரத்தில் படிக்கும் பிள்ளை தன் ஊருக்கு வரலாறே இல்லை என்று நம்பி வளர்கிறது. இது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம். இந்தப் புறநகர் ஓர் எல்லைப்புறமாக இருந்த மண். அதன் கதையைச் சொல்லவும், அங்கே மாண்டவர்களுக்கு ஓர் அடையாளம் வைக்கவும் நமக்குக் கடமை இருக்கிறது.

கணவாயின் வாயிலில் ஓர் ஊர்

செங்கத்துக்கு வடக்கே சவ்வாது மலை. தெற்கிலும் தென்மேற்கிலும் கல்வராயன் பக்கத்து மலைகள். நடுவில் கிடக்கும் இடைவெளியில் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாக மேற்கே ஏறினால் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை. அன்று அதற்குப் பாராமகால் என்று பெயர். கிழக்கே இறங்கினால் திருவண்ணாமலைச் சமவெளி. சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மலைக்கு நடுவே வழி, வழியில் தண்ணீர்: ஒரு படைக்கு வேறென்ன வேண்டும்?

18ஆம் நூற்றாண்டுப் படை என்பது சிப்பாய்கள் மட்டுமில்லை. பீரங்கிகளை இழுக்க மாடுகள், அரிசி சுமக்கப் பொதிமாடுகள், குதிரைக்குக் கொள்ளும் புல்லும், சமைக்கவும் சுமக்கவும் ஆட்கள் என்று ஓர் ஊரே நகர்ந்து வரும். அந்தக் கூட்டம் மலையேறி இறங்க முடியாது. கணவாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆற்காட்டு நவாபுகளின் கதையே இதற்குச் சாட்சி. 1740இல் நவாப் தோஸ்த் அலி மராட்டியரை எதிர்த்து நின்று மாண்டது தாமல்செருவு கணவாயில். 1749இல் நவாப் அன்வாருதீன் சந்தா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் எதிர்த்து மாண்டது ஆம்பூரில், மலைகளுக்கு இடைப்பட்ட வழியில். பத்து ஆண்டுக்குள் இரண்டு நவாபுகளின் உயிர் மலைவாயிலிலேயே போயிற்று. இதைப் பார்த்த பிறகும் கணவாய்களைக் காக்கத் தவறியவர்கள் பெரிய விலை கொடுத்தார்கள்.

செங்கம் எல்லை ஊராக இருந்தது 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல. சங்க இலக்கியத்தின் மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர் இதுதான். அதற்குப் பிந்திய பல்லவர் காலத்தில், இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர்களுக்கு வரிசையாக நடுகற்கள் நட்டார்கள். தமிழகத் தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே வெளியிட்டது. அந்தக் கற்களில் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகள் வட்டெழுத்தில் இருக்கின்றன. அரசன் பெயருக்கு அடுத்தாற்போல், மாண்ட சாதாரண வீரனின் பெயர், அவனுடைய தலைவன் பெயர், எந்த ஊரில், எதற்காக இறந்தான் என்ற செய்தி.

அவற்றில் எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் சண்டையில் மாண்டான். அவனோடு இருந்த நாயின் பெயர் கோவிவன். தன் ஆள் விழுந்த பிறகும் அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்து நின்றது. வீரனோடு அந்த நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டிவைத்தார்கள். 7ஆம் நூற்றாண்டில், மலையடிவாரத்து ஒரு சிற்றூர், விசுவாசமாக நின்ற ஒரு நாயின் பெயர் மறக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் எந்தக் குறும்புக்காரப் பிள்ளையும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

இதே மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பல்லாவரத்துக் குடைவரையிலும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் குடைவரை இன்று தர்காவாக வழிபடப்படுகிறது. செங்கத்துக் கல்லும் பல்லாவரத்துக் குன்றும் ஒரே அரசனைச் சொல்கின்றன. இரண்டு ஊரும் இன்று நேற்று உறவானவை அல்ல.

ஒரே மாதத்தில் இரு முனையும்

1767 செப்டம்பர் 3. பாராமகாலிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஜோசப் ஸ்மித் சுமார் 7,000 பேரோடு செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். மைசூரின் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து அவரைக் கணவாயில் மறித்தார்கள். அவர்களின் படை 70,000 என்பது அன்றைய ஆங்கிலேயர் கணக்கு. அன்று களத்தில் ஜெயித்தது ஸ்மித். ஆனால் வெற்றி பெற்ற படையிடம் சோற்றுக்கு அரிசி இல்லை. நின்று அனுபவிக்க முடியாமல் திருவண்ணாமலைக்கு விரைந்தார்கள். அங்கும் எதிர்பார்த்த தானியம் சேர்ந்திருக்கவில்லை. அம்மாதம் 26ஆம் தேதி திருவண்ணாமலையில் மறுபடி பெரிய போர் நடந்தது, அதிலும் ஸ்மித் வென்றார்.

பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்தும். தாம்பரம் பிள்ளைகளுக்கு வேண்டிய செய்தி இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கும்பினிப் படை செங்கம், திருவண்ணாமலைப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்த அதே செப்டம்பரில், ஐதரின் மகன் திப்பு ஒரு குதிரைப்படையோடு சென்னையின் வாசல்வரை வந்துவிட்டான். அவனுக்கு அப்போது 16 வயது, நம் ஊரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற வயது. பரங்கிமலைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இருந்த கும்பினி அதிகாரிகள் அரக்கப்பரக்கக் கோட்டைக்கு ஓடினார்கள். திருவண்ணாமலைத் தோல்விச் செய்தி வந்த பிறகுதான் திப்பு திரும்பினான். மேற்கே கணவாயில் நடக்கும் சண்டையும் கிழக்கே பரங்கிமலையில் கிளம்பும் புழுதியும் ஒரே போரின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

1769 மார்ச்சில் ஐதர் தானே வந்தார். ஸ்மித்தின் படையைத் தெற்கே வெகுதூரம் இழுத்துப்போய்விட்டு, பெரும்படையையும் பீரங்கிகளையும் அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுத்த சுமார் 6,000 குதிரை வீரர்களோடு திரும்பினார். மூன்றரை நாளில் 130 மைல், அதாவது 200 கிலோமீட்டருக்கும் மேல். பரங்கிமலையில் வந்து இறங்கி, பேச்சு நடத்த ஆளை அனுப்பு என்று கோட்டைக்குச் சொல்லியனுப்பினார். கும்பினியும் அடுத்து ஆளுநராக வேண்டிய டூப்ரேவை அனுப்பியது. பிடித்த இடங்களை ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுப்பது, ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் துணைக்கு வருவது என்று 1769 ஏப்ரலில் மதராஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆங்கிலேயக் கும்பினி தன் வாசலில் நிற்கும் இந்திய அரசனிடம் அவன் கேட்டபடி சமாதானம் பேசிய இடம் இது. நாம் தினமும் புறநகர் ரயிலில் கடந்துபோகிறோம். எந்த ஸ்டேஷனிலும் இதைச் சொல்ல ஓர் எழுத்து நான் பார்த்ததில்லை.

மலையிலிருந்து தெரிந்த புகை

அந்த உடன்படிக்கையைக் கும்பினி காப்பாற்றவில்லை. மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது உதவிக்குப் போகவில்லை. ஐதர் அதை மறக்கவில்லை. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக அவர் இறங்கியபோது படை 80,000க்கும் மேல், பீரங்கிகள் ஏறக்குறைய 100 என்று கணக்குச் சொல்கிறார்கள். கணவாயில் தடுக்க ஆளில்லை. ஆளுநர் ரம்போல்டு அந்த ஏப்ரலில்தான் பதவியை விட்டுக் கப்பலேறியிருந்தார். ஐதர் வருகிறார் என்று வந்த எச்சரிக்கைகளைச் சென்னைக் கவுன்சில் பொருட்படுத்தவில்லை. பரங்கிமலையில் நின்றவர்கள் கண்ணுக்கு எரியும் ஊர்களின் புகை தெரிந்தபோதுதான் கோட்டைக்கு உறைத்தது.

ஐதரின் திட்டம் கொடுமையானது, ஆனால் கணக்கோடு போட்டது. சென்னையையும் வேலூரையும் சுற்றிலும் உள்ள ஊர்களைப் பாழாக்கி, மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய், தானியத்தை அழித்துவிட்டால் கும்பினிப் படை கோட்டைக்குள்ளேயே முடங்கிவிடும். அப்படித்தான் ஆயிற்று. பின்னால் வந்த தளபதி அயர் கூட்டும் மாடும் அரிசியும் கிடைக்காமல் மாதக்கணக்கில் திண்டாடினார். செங்கத்து நடுகற்கள் சொல்லும் அதே ஆநிரைப் போர்தான் இது. 1,100 ஆண்டு கழித்தும் மாட்டைப் பிடித்தவன் கை ஓங்கியது.

கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ பரங்கிமலையில் சுமார் 5,000 பேரைத் திரட்டி ஆகஸ்ட் கடைசியில் காஞ்சிபுரம் புறப்பட்டார். வடக்கே குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படையோடு அங்கே சேர்வது திட்டம். செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. திப்புவும் ஐதரும் சூழ்ந்துகொள்ள, வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. ஒருசில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவால் போய்ச் சேர முடியவில்லை. இழுக்க முடியாத பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கி, சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தருகே வந்து சேர்ந்தார். தோற்ற படை பசியோடு திரும்பி வந்த அந்தச் சாலைதான் இன்றைய ஜி.எஸ்.டி. சாலையின் முன்னோடி.

ஊர்களின் கதி என்ன ஆயிற்று? தப்பியவர்கள் சென்னைக்குள் புகுந்தார்கள். பஞ்சம் வந்தது. 1782இல் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம்தான் பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனை முளைத்ததற்கு வேர். இன்று ராயபுரம் பக்கம் அந்த மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொள்கிற எத்தனையோ பேருக்கு, அதன் தொடக்கம் செங்கம் கணவாயில் இறங்கிய ஒரு போரின் பசியில் இருக்கிறது என்பது தெரியாது. செங்கத்தில் என் பாட்டி, பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கினால், “என்னடி இது, ஐதர் கலாபமா?” என்று அதட்டுவார். ஆறு தலைமுறை தாண்டியும் அந்தக் கிலி பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் குன்றுகள் ஏன் முக்கியம்

மாணவிகளை நான் பரங்கிமலைக்கு அழைத்துப்போவது வழக்கம். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்த படிகளில் ஏறி, மாதா கோயில் வளாகத்தில் நின்று தெற்கே பார்க்கச் சொல்வேன். கீழே மீனம்பாக்கம் ஓடுபாதை. அதற்கப்பால் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். அவற்றின் ஓரமாகச் சாலையும் ரயில் பாதையும் நெருக்கியடித்துக்கொண்டு தெற்கே போகும். இன்னும் தள்ளித் தாம்பரம் பச்சைமலை, வண்டலூர்க் காடு. வடக்கே திரும்பினால் அடையாறு. ஆற்றைத் தாண்டினால் நகரம். “மிஸ், இங்க நின்னா யார் வந்தாலும் தெரிஞ்சிடும்ல?” என்று ஒரு பெண் கேட்டாள். அவ்வளவுதான், போர்த்தந்திரம் பாடம் முடிந்தது.

தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கோட்டைக்கு முன்னால் கடைசி மேட்டுநிலம் இந்தக் குன்றுகள். மலையில் நின்றால் கண்ணுக்கு எட்டும் பார்வை, அடிவாரத்தில் ஏரித் தண்ணீர், பக்கத்தில் ஆற்றைக் கடக்கப் பாலம். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களும் இங்கேதான் மோதினார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்து கும்பினியின் பிரஸ்டனும் யூசுப் கானும் அவருடைய தானிய வழிகளை அறுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த யூசுப் கான்தான் மருதநாயகம். 1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் கல்லியோவின் தலைமையில் பிரெஞ்சுப் படையோடு பகல் முழுக்கச் சண்டை. மருதநாயகமும் அதில் இருந்தார். இருட்டும் நேரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கினார்கள். சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள் வர, முற்றுகை கலைந்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 1764இல், அதே மருதநாயகத்தை மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கும்பினி கைக்கு வந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. செங்கத்தின் முக்கியத்துவமும் அன்றோடு குறைந்தது. கணவாய் அங்கேயே இருந்தது, அதைக் காக்கவேண்டிய காரணம்தான் போய்விட்டது. பரங்கிமலையின் கதை வேறுமாதிரி ஆயிற்று. மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக அது இருந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் இங்கிருந்துதான் பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணியின் முதல் கோடு இது. குதிரைகள் ஓடிய சமநிலத்தில் சங்கிலி ஓடியது. கன்டோன்மென்ட், பின்னர் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், 1963இல் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில். நகரத்தின் தெற்கு வாசலாக இந்த வழி அமைந்ததற்குக் காரணம் குன்றும் ஏரியும் ஆறும் அமைந்த விதம். பாதுகாப்புத் துறை இங்கே இவ்வளவு நிலம் வைத்திருப்பதன் வேரும் அந்தப் பழைய போர்களில் இருக்கிறது.

யாருக்குக் கல், யாருக்கு இல்லை

புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் உண்டு. 1781இல் அங்கு நடந்த இன்னொரு போரில் மாண்ட இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்காக எழுப்பியவை. அவர்களும் மனிதர்கள், கல் இருக்கட்டும். ஆனால் அந்தப் போர்களில் கும்பினிக்காகச் சண்டையிட்டு மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரம்வரை எரிந்த ஊர்களில் இருந்தவர்கள் நம் குடியானவர்கள். மாட்டைப் பறிகொடுத்தவர்கள், ஏரிக்கரையில் பிணமானவர்கள், கஞ்சிக்காகச் சென்னைக்கு நடந்து வழியில் விழுந்தவர்கள் யார் பேரும் எந்தக் கல்லிலும் இல்லை. செங்கத்தார் ஒரு நாய்க்குச் செய்த மரியாதையை நாம் இவர்களில் ஒருவருக்கும் செய்யவில்லை.

பேர் கிடைக்காது என்று கைவிடவும் முடியாது. கும்பினி ஆட்கள் 1767இலிருந்து 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களைத் தாமஸ் பர்னார்டின் தலைமையில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 2,000 ஊர்கள். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழில் செய்தவர்கள் யார், எந்த ஏரி, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அதில் உண்டு. வரலாற்றறிஞர் தரம்பால் இந்தக் கணக்கை எடுத்து எழுதிய பிறகுதான் அதன் அருமை பலருக்குத் தெரிந்தது. ஆங்கிலப் பதிவுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், தமிழ் ஓலைக்கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. 1780இல் படை இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நம் ஊர்கள் எப்படி இருந்தன என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் ஆவணம் கையில் இருக்கும்போது, அந்த ஊர்கள் எதை இழந்தன என்று எழுதுவது முடியாத காரியமே அல்ல.

அழிந்த ஊர்கள் மீண்டது எப்படி என்பதும் அதே மண்ணில் இருக்கிறது. 1794இலிருந்து ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஏரிகளைப் பழுதுபார்ப்பது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் அவர் பெயரோடு ஒரு கதை வழங்குகிறது. ஏரி நின்றால்தான் ஊர் நிற்கும் என்பதைப் போர் கற்றுக்கொடுத்திருந்தது. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்காரணை ஏரிகளை நாம் எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அந்தக் கரைகளில் நடக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பல்லாவரம் பெரிய ஏரியைச் சாலை நடுவே பிளந்துவிட்டது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரத்தில்தான் குன்றுகளை வெடிவைத்துத் தகர்த்தோம். வரலாற்றுப் பலகை வைக்கும்போது, அந்த வரலாற்றைத் தாங்கி நிற்கும் குன்றும் ஏரியும் மிஞ்சியிருக்கவேண்டும்.

செய்யக்கூடியவை

குப்பையும் கழிவுநீரும் தலைக்குமேல் கிடக்கும்போது நடுகல் ஒரு கேடா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தாம்பரம் மாநகராட்சி 2021இல் உருவானது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டிய அமைப்பு அது. பல்லாவரத்தானும் பெருங்களத்தூர்க்காரனும் இது நம் ஊர் என்று சேர்ந்து நினைக்க ஏதாவது ஒன்று வேண்டாமா? பொதுவான கதை இல்லாத ஊரில் பொதுவான ஏரிக்கும் யாரும் காவலுக்கு வரமாட்டார்கள். குப்பைப் பிரச்சினை தீராததற்கும் இதுவே ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பழைய போரைக் கிளறினால் பகை வரும் என்பவர்களும் உண்டு. ஐதரையும் திப்புவையும் வில்லனாக்கியோ கடவுளாக்கியோ பேசுவதால்தான் பகை வருகிறது. ஊர்களை எரித்தது ஐதரின் படை. கொடுத்த வாக்கைத் தவறவிட்டு அந்தப் போரை வரவழைத்தது கும்பினி. கணவாயைக் காக்காமல் விட்டதும் கும்பினிதான். மூன்றையும் மறைக்காமல் சொன்னால் சண்டைக்கு இடமில்லை. அடிபட்டவர்களின் பக்கம் நின்று எழுதப்படும் வரலாறு யாரையும் பிரிக்காது.

கேட்பது பெரிய செலவில்லை. பரங்கிமலை அடிவாரத்தில், மக்கள் நடமாடும் இடத்தில், ஒரு கல். 1759, 1767, 1769, 1780 ஆகிய ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது என்று தமிழில், பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் நடையில், நான்கு வரி. அதே கல்லுக்கு இணையாகச் செங்கத்தில் கணவாய்ச் சாலையோரம் இன்னொரு கல். இரண்டிலும் மற்றதன் பெயர் இருக்கவேண்டும். கிளாம்பாக்கம் முனையத்தில் இந்த வழியின் கதையைச் சொல்லும் ஒரு வரைபடச் சுவர் வைக்கலாம். திருவண்ணாமலை வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அதைப் படிப்பார்கள். பர்னார்டு கணக்கிலிருந்து தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பகுதி ஊர்களின் பக்கங்களை எடுத்து ஒரு சிறு நூலாக்கிப் பள்ளி நூலகங்களுக்குக் கொடுக்கலாம். தொல்லியல் துறையும் மாநகராட்சியும் கன்டோன்மென்ட் நிர்வாகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஓராண்டில் முடிகிற வேலை.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் தனி. மைசூர்ப் போர்கள் நான்கு, உடன்படிக்கைகள் இன்னின்ன என்று மனப்பாடம் செய்யவைத்தது போதும். பிள்ளைகளை ஒருநாள் பரங்கிமலை ஏற்றுங்கள். கல்லூரி மாணவர்களை ஒருமுறை செங்கம்வரை அழைத்துப்போய் நடுகற்களையும் கணவாயையும் காட்டுங்கள். தன் வீட்டு வாசலில் நடந்த வரலாற்றைக் கற்ற பிள்ளைக்கு மற்ற வரலாறு தானாகப் புரியும்.

தாம்பரத்தில் வீடு வாங்கியவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பெரும்பாலோர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், நானும் அப்படித்தான். வந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு அதற்குப் பொறுப்பேற்பதுதான் குடியிருப்பதற்கு அர்த்தம். உங்கள் வார்டு உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது தெருவிளக்கோடு சேர்த்து இந்தக் கல்லையும் கேளுங்கள்.